உஷார்! ஆபரேஷன் தியேட்டர் ஊசி ஜிம்முக்கு வந்தாச்சு

சிசேரியன் செய்வதற்கு முன் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். அடுத்த சில நிமிடங்களில் பல பெண்களுக்கு ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். குமட்டும், கண் இருட்டும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையும். இந்த இக்கட்டுக்காகவே மயக்க மருந்து டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்திருக்கும் மருந்துகளில் ஒன்று மெஃபென்டெர்மின். மானிட்டரில் ஓடும் எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல், சிறுகச் சிறுக ஏற்றுவார். இறங்கிய அழுத்தம் ஏறும். பெயர்கூடத் தெரியாமல் இந்த மருந்தால் கண்டம் தாண்டிய தாய்மார்கள் நம் நாட்டில் ஏராளம்.

அந்தக் குப்பிதான் இப்போது ஜிம் பைக்குள், புரோட்டீன் டப்பாவுக்கும் வேர்வைத் துண்டுக்கும் நடுவே கிடக்கிறது. புனேயிலும் ஹைதராபாத்திலும் சில ஆண்டுகளாகவே இந்த ஊசி திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. ஜிம்முக்கு வரும் இளைஞர்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்றதாகத்தான் வழக்குகள். இந்த ஊசிக்கு அடிமையாகிப் புத்தி பேதலித்து வந்த உடற்பயிற்சி இளைஞர்களைப் பற்றியும் விளையாட்டு வீரர்களைப் பற்றியும் நம் மனநல மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். புனே எங்கே, புதுக்கோட்டை எங்கே என்று இருந்துவிடாதீர்கள். கூரியர் வராத ஊர் எது?

விற்கிறவர்கள் பையன்களிடம் பேசும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"ஸ்டீராய்டு இல்ல தம்பி, ஆஸ்பத்திரி மருந்து. பிரசவத்துக்கே போடுறாங்க. போட்டுப் பாரு, அப்புறம் வெயிட்டே தெரியாது."

இதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஸ்டீராய்டு இல்லை, உண்மை. ஆஸ்பத்திரி மருந்து, உண்மை. வெயிட் தெரியாது என்பதும் உண்மை. அந்த மூன்றாவது உண்மைதான் ஆளை முடிக்கிறது.

மெஃபென்டெர்மின், ஆம்ஃபெட்டமின் வகையறாவைச் சேர்ந்தது. அந்த வகையறாவின் மூத்தது 1887இல் பெர்லினில் லாசர் எடலியானு என்ற ருமேனிய வேதியியலாளர் கையில் உருவானது. 1893இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி, எஃபெட்ரின் என்ற தாவரச் சத்திலிருந்து மெத்தாம்ஃபெட்டமினைச் செய்தார். இலங்கையில் 'ஐஸ்' என்றும் மலேசியாவில் 'சியாபு' என்றும் தெருவில் விலைபோவது அதுதான். மெஃபென்டெர்மின் அதைவிடச் சாது, ஆனால் வேலை செய்யும் வழி ஏறக்குறைய ஒன்றே. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன.

நம் நரம்பு நுனிகளில் நாரட்ரினலின் என்ற ரசாயனம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்க, கால் தானாக எடுத்து ஓட வைப்பது அதுதான். இந்த மருந்து நரம்புக்குள் புகுந்து அந்தச் சேமிப்பை வெளியே தள்ளிவிடுகிறது. துரத்த நாய் இல்லை. ஆனால் இதயமும் ரத்தக்குழாயும் நாய் துரத்துவதாகவே நம்பி நடந்துகொள்கின்றன. மெத், கோகெய்ன் போன்றவை இதோடு நிற்காமல் மூளையில் சந்தோஷத்துக்கும் ஆசைக்கும் பொறுப்பான டோபமினையும் வெள்ளமாகப் பெருக்குகின்றன. எலிகளின் மூளையில் அளந்து பார்த்தார்கள். நல்ல சாப்பாடு டோபமினை ஒன்றரை மடங்கு ஆக்கியது என்றால், மெத் பத்து மடங்குக்கும் மேலே கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்த எலிக்குச் சாப்பாடு ருசிக்குமா?

சரி, 'வெயிட்டே தெரியாது' என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாவது முறை தூக்கும்போது கை நடுங்குகிறதே, அப்போது தசையில் தெம்பு முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. இதயம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, உடம்பு எவ்வளவு சுடுகிறது என்றெல்லாம் கணக்குப் பார்த்து மூளை முன்கூட்டியே போடுகிற தடைக்கும் அந்த நடுக்கத்தில் பெரும் பங்கு உண்டு. களைப்பு என்று நாம் அலுத்துக்கொள்வது இந்தக் காவலைத்தான். ஊசி தசைக்கு ஒரு கிராம் பலம்கூடச் சேர்ப்பதில்லை. காவலை எழுப்பி வெளியே அனுப்பிவிடுகிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியை முறுக்கிச் சொருகிவிடும் ஆசாமிகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஃபியூஸ் போகவே போகாது. சுவருக்குள் ஒயர்தான் எரியும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகவே காட்டியது. பயிற்சி பெற்ற 9 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு நாள் டோபமினையும் நாரட்ரினலினையும் கூட்டுகிற புப்ரோபியான் மாத்திரை, இன்னொரு நாள் வெறும் சத்தில்லாத மாத்திரை. எது எந்த நாள் என்று அவர்களுக்குத் தெரியாது. 18 டிகிரி அறையில் மருந்தால் எந்த லாபமும் கிடைக்கவில்லை. 30 டிகிரி அறையில் மருந்து சாப்பிட்ட நாளில் சுமார் 9 சதவீதம் சீக்கிரமாக முடித்தார்கள். அட, நல்ல மருந்தாயிற்றே என்று தோன்றும். ஆனால் அன்று 9 பேரில் 7 பேருக்கு உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருந்தது. வெறும் மாத்திரை நாளில் அந்த அளவுக்குப் போனவர்கள் 2 பேர்தான். கூடுதலாகச் சுட்டதா, கூடுதலாகக் களைத்தீர்களா என்று கேட்டால், இரண்டு நாளுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்கள். உள்ளே வேகிறது, வெளியே தெரியவில்லை. அதுவும் டாக்டர் மேற்பார்வையில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒரு மிதமான மாத்திரைக்கே இந்தக் கதி. 30 டிகிரி என்பது அவர்களுக்குக் கோடை. சென்னைக்கு அது மார்கழி மதியம்.

ஆய்வுக்கூடத்தில் நிலைமை கைமீறினால் நிறுத்திவிடுவார்கள். மலையில் யார் நிறுத்துவது? 1967 ஜூலை 13, பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மான் வாந்தூ என்ற மொட்டை மலை. கொளுத்தும் வெயில். டாம் சிம்ப்சன் 1965இன் உலக சாம்பியன், இங்கிலாந்துக்காரர், வயது 29. ஏற்றத்தில் தள்ளாடித் தள்ளாடி ஏறியவர் விழுந்தார். தூக்கி மறுபடி சைக்கிளில் உட்கார வைத்தார்கள். இன்னும் கொஞ்சதூரம் மிதித்தார். உச்சிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது மறுபடி விழுந்தார், எழவில்லை. சட்டைப் பையில் ஆம்ஃபெட்டமின் குழாய்கள் இருந்தன. பிரேதப் பரிசோதனையில் உடம்பிலும் ஆம்ஃபெட்டமின் இருந்தது, கூடவே மது. விழுந்த மனிதனை உடம்பு நிறுத்தப் பார்த்தது. அந்தக் குரல் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர், ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். உடல் வெப்பம் 108 டிகிரி ஃபாரன்ஹீட். எடை குறைப்பதற்காக அவர் எடுத்துக்கொண்டிருந்தது, முன்னே சொன்ன எஃபெட்ரின் அடங்கிய எஃபெட்ரா செடி கலந்த மூலிகை மாத்திரை. கடையில் எல்லோருக்கும் கிடைத்த சரக்கு. மறு ஆண்டே அமெரிக்க அரசு எஃபெட்ரா கலந்த உணவுச் சேர்க்கைகளுக்குத் தடை போட்டது. 'மூலிகைதானே' என்று நம் ஊரில் யாராவது கேப்ஸ்யூலை நீட்டினால் இந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியாக்கும் மாத்திரை என்று பெண்களுக்கு விற்கும் சரக்கிலும் இதே ஆபத்து உண்டு. இதயத்துக்கு ஆகாது என்று இந்தியா 2011இல் தடை செய்த சிபுட்ரமினை, 'இயற்கை' லேபிளின் பின்னால் ஒளித்து விற்பதை உலகம் முழுக்கப் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது நம் ஊர் காட்சியைக் கொஞ்சம் யோசியுங்கள். மே மாதம். தகரக் கூரை. சாயங்காலம் 5 மணிக்கும் அனல் இறங்காத அறை, மூலையில் ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேன். கண்ணாடி முன்னால் இருபது பையன்கள். உடம்பு சூட்டை வெளியேற்ற வேண்டுமானால் தோலுக்கு ரத்தம் வர வேண்டும். இந்த வகை மருந்துகளோ தோலுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, சூடு போகும் வாசலையே அடைத்துவிடுகின்றன. உள்ளே அடுப்பு, வெளியே அடைத்த கதவு. சூடு ஏற ஏறத் தசை நார்கள் உடைந்து, அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அதன் பொருள் இதுதான். "நல்லா வொர்க்அவுட் பண்ணியிருக்கேன்" என்று பெருமைப்பட வேண்டிய நேரம் இல்லை, டயாலிசிஸ் வரை போகக்கூடிய நேரம்.

இதயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைப்பீர்கள், ஆனால் சொல்லத்தான் வேண்டும். 25 வயதுப் பையனுக்கு ஹார்ட் அட்டாக்கா என்று யாரும் நம்புவதில்லை. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, கோகெய்ன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 24 மடங்கு கூடுவதாகக் கணக்கிட்டது. ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பு இருந்தால்தான் மாரடைப்பு என்றில்லை. நல்ல குழாயே இறுகிச் சுருங்கினால் போதும். அழுத்தம் திடீரென்று எகிறினால் மூளையில் குழாய் வெடிக்கலாம், நெஞ்சின் பெருங்குழாய் கிழியலாம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் நிலை வரும். மெத் பழக்கத்தில் இது நன்றாகப் பதிவான நோய். மெஃபென்டெர்மின் போட்டவர்களிடமும் டாக்டர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவனிடம் ஆபத்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது. ஏற்கெனவே ஸ்டீராய்டால் தடித்துப்போன இதயச் சுவர். கொழுப்பு கரைய என்று கிளென்பியூட்டரால். நரம்பு தெரிய வேண்டும் என்று இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை வேறு. ரத்தத்தில் பொட்டாசியம் சரிகிறது. அந்த நேரத்தில் மேடைக்குப் போகும் முன் ஒரு ஊசி. இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோவதற்கு இதைவிடத் தோதான கலவையைத் திட்டம் போட்டாலும் தயாரிக்க முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்வார்கள். உடம்புக்குள் எல்லாம் ஒரே நேரத்தில்தான் இருக்கின்றன.

விளையாட்டுத் துறையில் இது எந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி, ஜவஹர்லால் நேரு மைதானம். ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் மாயம். கழிப்பறையில் பயன்படுத்திய சிரிஞ்சுகள் கிடந்த வீடியோ வெளியானது. 2024இல் இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260இல் தடை செய்த மருந்து இருந்தது. அதிகம் சோதிக்கும் நாடுகளில் அந்த ஆண்டு இவ்வளவு மோசமான விகிதம் வேறு எங்கும் இல்லை. எல்லாமே இந்த ஊசி இல்லைதான், ஸ்டீராய்டும் நிறைய. ஆனாலும் மெஃபென்டெர்மின் நம் வீரர்களின் சோதனைகளில் அடிக்கடி தலைகாட்டும் பெயர். சோதனை நடக்கிற இடத்திலேயே இப்படி என்றால், சோதனையே இல்லாத ஊர் ஜிம்மிலும் கபடி டோர்னமென்ட்டிலும் காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிப் பழகும் மைதானத்திலும் ஆசை காட்டுகிறவனுக்கு என்ன தடை?

இந்த மருந்து வகையறாவிடம் அரசாங்கங்களே ஏமாந்திருக்கின்றன. 1938இல் ஜெர்மனியில் பெர்விட்டின் என்ற பெயரில் மெத் மாத்திரை கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு அதை லட்சக்கணக்கில் கொடுத்துத் தூங்காமல் நடக்க வைத்தார்கள். ஜப்பானில் ஹிரோபோன் என்று 1941இலிருந்து விற்றது. போர் முடிந்ததும் மிச்சமிருந்த சரக்கு தெருவுக்கு வந்து, ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர் கூட்டத்தையே உண்டாக்கியது. கடைசியில் 1951இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அடக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சரக்கு கடல் வழியாக வருகிறது. 2024 நவம்பரில் அந்தமான் அருகே மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றில் இந்தியக் கடலோரக் காவல்படை பிடித்த மெத் சுமார் 6,000 கிலோ. இலங்கையில் ஐஸ் பரவிய வேகத்தைப் பார்த்து 2022இல் சட்டத்தையே திருத்தினார்கள். 5 கிராமுக்கு மேல் வைத்திருந்து பிடிபட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். ஜிம் ஊசியில் தொடங்குகிற எல்லோரும் ஐஸில் போய் முடிவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'களைப்பை மருந்தால் துரத்தலாம்' என்ற பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், இன்னும் வலுவான சரக்கை நீட்டும்போது கை தானாகவே நீளும்.

ஏன் நீளும் என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. சேமித்து வைத்த நாரட்ரினலினைத் தள்ளிவிட்டுத்தான் மெஃபென்டெர்மின் வேலை செய்கிறது என்றேன். சேமிப்பு காலியானால்? அதே அளவு போட்டாலும் எடுபடாது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும், மருந்தை மாற்றிவிடுவார்கள். ஜிம் பையனுக்கு அந்தப் படிப்பு இல்லை. "இப்பல்லாம் ஏற மாட்டேங்குது" என்று அளவைக் கூட்டுகிறான். உடற்பயிற்சி இல்லாத நாளிலும் போட ஆரம்பிக்கிறான். ஊசி இல்லாமல் படுக்கையை விட்டு எழவே தெம்பு வருவதில்லை.

அடுத்தது தூக்கம் போகும். தூங்குவதற்கு மது, இல்லாவிட்டால் அல்பிரசோலம் மாத்திரை. காலையில் எழுப்ப மறுபடி ஊசி. கோகெய்னோடு மது சேர்ந்தால் கல்லீரலில் கோக்காஎத்திலீன் என்ற மூன்றாவது பொருள் உருவாகிறது, அது இதயத்தை இன்னும் நெடுநேரம் வதைக்கும்.

தூக்கம் போன பின் வருவது சந்தேகம். வீட்டில் உள்ளவர்கள் முதலில் கவனிப்பது பெரும்பாலும் இதைத்தான், ஆனால் மருந்தோடு முடிச்சுப் போடுவதில்லை. யாரோ பின்தொடர்கிறார்கள் என்பான். போனில் ஒட்டுக் கேட்கிறார்கள் என்பான். தட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று அம்மா போட்ட சோற்றை ஒதுக்குவான். கல்யாணமானவன் என்றால் மனைவியின் நடத்தை மேல் பாய்வான். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று ரத்தம் வரச் சொறிவதும் கோகெய்ன், மெத் பழக்கத்தில் பிரசித்தம். காதில் குரல் கேட்கும். அந்தக் குரல் சொன்னதைச் செய்தும் விடுவார்கள். "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்று குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் கிளம்பும் குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. கும்பிடுங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் பையனின் ஜிம் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

என்ன தேடுவது? ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. இன்சுலின் சிரிஞ்சு, வீட்டில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லாதபோது. முழங்கை மடிப்பிலும் தொடையிலும் கன்றிய புள்ளிகள். வெயிலிலும் முழுக்கை சட்டை. திடீர் எடை இறக்கம், பல்லை நறநறவென்று கடித்தல், விரிந்த கண்மணி, ஓயாத பேச்சு, அப்புறம் இரண்டு நாள் பிணம் மாதிரித் தூக்கம். ஆன்லைனில் வந்த பார்சலைப் பிரிக்கவிடாமல் பிடுங்கிக்கொள்வதும் ஒரு குறிதான். ஒரே குப்பியில் நாலு பேர் ஊசியைக் குத்தி எடுத்திருந்தால் கதை இன்னும் மோசம். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் அந்த ரப்பர் மூடி வழியாகவே ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போகும். ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டுவதும், கிருமி ரத்தத்தில் ஏறி இதய வால்வில் போய் உட்காருவதும் தனிக் கணக்கு.

கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் அடிக்காதீர்கள். அறைக்குள் பூட்டவும் வேண்டாம். ஏற்கெனவே எல்லோரும் தனக்கு எதிரி என்று நம்பிக்கொண்டிருப்பவனுக்கு அது ஆதாரமாகிவிடும். ஊசி நின்றவுடன் முதலில் தூக்கம், அகோரப் பசி. அதற்கப்புறம் உலகமே வெறுத்துப்போகும் ஒரு சோர்வு. தற்கொலை எண்ணம் வருவது இந்தக் கட்டத்தில்தான். முதல் சில வாரங்கள் தனியாக விடாதீர்கள். ஆம்ஃபெட்டமின் வகைப் பழக்கத்தை ஒரே மாத்திரையில் நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. மெத் பழக்கத்துக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில்கூடப் பலன் தெரிந்தது 100க்கு 14 பேருக்கும் குறைவாகத்தான். பேச்சு சிகிச்சையும் குடும்பத்தின் பொறுமையும்தான் இன்றைக்குக் கையில் உள்ள பெரிய மருந்து. சிறுநீர்ச் சோதனையில் சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் சின்னப் பரிசு கொடுக்கும் முறை வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ஆய்வுகளில் நன்றாகப் பலன் தந்தது அதுதான். ஒரு ஆறுதலும் உண்டு. மெத்தை விட்டு ஓராண்டு தாண்டியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சிதைந்திருந்த டோபமின் அமைப்பு கணிசமாகத் திரும்பியிருந்தது. தளர்ந்த இதயமும் சீக்கிரம் நிறுத்தினால் ஓரளவு தேறும்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416க்கு அடிக்கலாம், அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். போதை மறுவாழ்வுக்கென்றே 14446 இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், சாந்தி ரங்கநாதன் 1980இல் அடையாற்றில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவை. மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆஸ்பத்திரிக்கு வெளியே இந்த ஊசிக்கு வேலையே இல்லை. ஆஸ்பத்திரி சீட்டில்லாமல் கேட்டு வருகிறவன் எதற்குக் கேட்கிறான் என்று உங்களுக்குத் தெரியும்.

கண்ணெதிரே ஒருவன் சரிந்துவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது, அதனால் இப்போதே படித்து வையுங்கள். நெஞ்சு வலி, தலை வெடிக்கிற மாதிரி வலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், வலிப்பு, உளறல், தொட்டால் கொதிக்கும் உடம்பு. இதில் எது ஒன்று இருந்தாலும் 108. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உடம்பைக் குளிரச் செய்யுங்கள். சட்டையைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டி, ஃபேனைத் திருப்பி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைத்து. நினைவு தப்பியவன் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள். திமிறினால் குப்புறப் போட்டு நாலு பேர் மேலே ஏறி அமுக்காதீர்கள், மூச்சு நின்றுவிடும். படபடப்பு அடங்க என்று யாராவது ப்ரோப்ரனலால் மாத்திரையை நீட்டினால் வாங்காதீர்கள். இந்த மருந்துகளோடு அது சேர்ந்தால் அழுத்தம் இன்னும் ஏறவும், இதயக் குழாய் இறுகவும் கூடும். ஆஸ்பத்திரியில் "வெறும் எக்சர்சைஸ் தான் பண்ணான் சார்" என்று மாஸ்டர் சொல்வார், ஜிம் பேர் கெட்டுவிடும் என்ற பயத்தில். அந்தப் பொய்யால் டாக்டருக்கு வீணாகும் அரை மணி நேரத்தில் உயிர் போகலாம். என்ன போட்டான், எத்தனை மணிக்குப் போட்டான், கூட வேறு என்ன சாப்பிட்டான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். காலிக் குப்பி கிடைத்தால் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொடுங்கள். லேபிளைப் பார்த்தவுடன் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.